யார் பேரில் விழுந்தது

பெங்களூர் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்த துணையாசிரியர் எனக்கு ஒரு தபால் அட்டை எழுதினார். தங்கவயலில் இத்தனை பேர் காட்டன் ஆடுகிறார்களாமே, சுரங்க வாழ்க்கைக்கும் சூதாட்டத்துக்கும் உள்ள தொடர்பு என்ன, அரைப் பக்கம் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அவ்வளவுதான் அட்டையில். அறுபதுகளின் கடைசி அது. நான் ராபர்ட்சன்பேட்டையில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டு, அந்தப் பத்திரிகைக்குச் செய்தியும் அனுப்பிக்கொண்டிருந்தேன். மாரிகுப்பத்தில் அக்கா வீட்டில் இருந்தேன்.

காட்டன் என்றால் பஞ்சு. எங்கோ அமெரிக்காவில் பஞ்சு விலை எந்த எண்ணில் முடிகிறதோ அதன்மேல் முன்பு பந்தயம் கட்டினார்களாம். பிறகு பம்பாயில் யாரோ பானைக்குள் சீட்டுப் போட்டு எடுக்க ஆரம்பித்தார்கள். பஞ்சு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. மூன்று இலக்க எண். பம்பாயில் ராத்திரி எடுத்தது காலையில் போனில் பெங்களூர் வந்து, பங்காரப்பேட்டையில் வண்டி மாறி, மதியம் இரண்டேகால் பாசஞ்சரில் மாரிகுப்பம் வந்து சேரும். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. வண்டி நிற்பதற்கு முன்பே கதவுக் கம்பியில் தொங்கிக்கொண்டு வருகிறவன் பிளாட்பாரத்தைப் பார்த்துக் கத்துவான், இன்ன நம்பர் விழுந்துச்சு என்று.

நம்பர் ஜெயித்தது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. நம்பர் விழும். பாறையும் விழும். ஆளும் விழுவான். ஷிப்ட் முடிந்து வருகிறவரிடம் "இன்னிக்கு இன்னா விழுந்துச்சு?" என்று கேட்டால், "நீ எதக் கேக்கற?" என்று அவர் திருப்பிக் கேட்பார். மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் குழப்பமில்லாமல் இருந்தோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கட்டுரையை ஒரே மூச்சில் எழுதினேன். தினமும் உயிரைப் பணயம் வைத்துப் பூமிக்குள் இறங்குகிறவனுக்கு நாலணா ஒரு பொருட்டா, அபாயத்தில் பழகிய ரத்தம் மேலே வந்தும் அடங்காமல் அபாயத்தையே தேடுகிறது, இந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு வார்த்தை வெட்டவில்லை. டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படித்தார். இரண்டு பேர் என் முதுகில் தட்டினார்கள். வீட்டுக்கு வந்து அக்காவுக்கும் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன்.

மாமா என்றால் அக்காவின் கணவர். பதினோரு வருஷமாக அண்டர்கிரவுண்டில் வேலை. தொண்ணூறு லெவலுக்கும் கீழே, மரம் கட்டும் கேங். மேல்பாறை இறங்காமல் கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற வேலை அது. களியை உருட்டிக் குழம்பில் தோய்த்தபடி முழுக்கக் கேட்டார்.

"யாரு சொன்னாங்க உனக்கு இத?"

"யாரும் சொல்லல. நானா எழுதினேன்."

"அதான் பாத்தேன். கீழ எறங்கறவன் எவன் காட்டன் ஆடறான்? எண்ணிச் சொல்லு மச்சான்."

எண்ணினேன். நான் பார்த்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். விளக்கு அறையில் வேலை செய்கிறவர். ஆஸ்பத்திரி வார்டு ஆள். தபால்காரர். கணக்கு வாத்தியார். மில்லில் கல் அரைக்கிற நாலைந்து பேர். என்னோடு அச்சுக் கோக்கிறவர்கள் அத்தனை பேரும். எல்லோரும் மேலே இருக்கிறவர்கள். கீழே இறங்குகிறவர்கள் சம்பள நாளில் சீட்டு ஆடுவார்கள், ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் சேவல் கட்டுவார்கள். காட்டன் சீட்டு எழுதுகிற இடத்தில் அவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இதை எழுதுவதற்கு முன் எண்ணியிருக்கலாம்.

"நான் போய் நின்னா மொதல்ல இன்னா பண்ணுவேன் தெரியுமா?" என்றார் மாமா. "கடப்பாறையால மேல தட்டுவேன். கணீர்னு கேட்டா நிப்பேன். பொத்துனு கேட்டா ஓடியாந்துடுவேன். சேவலக்கூட கையில தூக்கிப் பாக்கலாம். உன் காட்டன எங்கப்பா தட்டிப் பாக்கறது? நாங்க சூதாடறவங்க இல்ல. தட்டிப் பாக்கறவங்க."

அக்கா அடுப்பருகே இருந்தாள். திரும்பாமலே கேட்டாள். "அப்போ ஏர்பிளாஸ்ட்டயும் கொஞ்சம் தட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

மாமா கையைக் கழுவப் போய்விட்டார்.

ஏர்பிளாஸ்ட்டுக்குத் தட்டிப் பார்க்கும் வழி கிடையாது. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிக்கும். கணீர் என்று கேட்ட பாறைதான் வெடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மழைக்கு முந்தி அப்படித்தான் போனார். அன்றிலிருந்து அக்கா, கீழ்வேலை வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றாள். மில்லில் ஓர் இடம் காலியாக இருந்தது. மேல்வேலை, சம்பளம் குறைவு. மில் மேஸ்திரி அக்காவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை, சனிக்கிழமை வரை யாருக்கும் கொடுக்காமல் பிடித்துவைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். மாமா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "கல்லு மாவு அரைக்க அனுப்பறா உங்க அக்கா" என்று என்னிடம் சிரிப்பார். அக்கா வாசல் கதவில் கரியால் சனிக்கிழமை வரை கோடு போட்டு, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் வீட்டில் யாரும் முழுசாக உட்கார்ந்து சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

நான் அந்த வாரம்தான் காட்டன் ஆடினேன். தப்பாக எழுதிவிட்டேன் என்று தெரிந்தபின், ஆடாமல் எழுதியதுதான் தப்பு என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தேன்.

ஸ்டேஷன் வாசலில் வறுத்த கடலை விற்கிறவர்தான் சீட்டுக்காரர். முன்பு கீழே வேலை செய்தவர், நெஞ்சில் தூசி சேர்ந்து மேலே அனுப்பப்பட்டவர். நாலு வார்த்தை பேசினால் ஒருதரம் மூச்சு வாங்குவார். அச்சகத்தின் கழிவுப் புரூப் தாள்களை நான்தான் அவருக்குக் கொடுப்பேன், பொட்டலம் மடிக்க. அந்தப் பழக்கத்தில் புதன்கிழமை அவரிடம் நாலணாவை நீட்டினேன்.

"கடலையா?"

"நம்பர்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்திரிகைல அப்படி எழுதிட்டு? சரி. இன்னா நம்பர்?"

எனக்கு ஓர் எண்ணும் தோன்றவில்லை. எண்களோடு எனக்குப் பழக்கமில்லை. தினமும் கண்ணில் படுகிற ஓர் எண்தான் வாயில் வந்தது. ரேஷன் கார்டில், ஆஸ்பத்திரிப் புத்தகத்தில், மாமாவின் தூக்குச்சட்டி மூடியில் ஆணியால் கீறியது.

"முந்நூத்தி அம்பத்தெட்டு."

பென்சிலை எடுத்தவர் எழுதவில்லை. "அது ஆளு நம்பர் இல்ல? உங்க மாமா டோக்கன்."

"ஆமா. அதுக்கென்ன?"

"உசிரோட கீறவன் டோக்கன ஆட மாட்டாங்கப்பா. செத்தவன் நம்பர்னா ஆடலாம். ஏர்பிளாஸ்ட் ஆனா மறுநாள் அந்த நம்பருங்களத்தான் எல்லாரும் கேப்பாங்க. நம்பர் யாரு பேருல ஆடறியோ அவங்களுக்குத்தான் விழும்." மூச்சு வாங்கினார். "யாரு பேருல எழுத?"

"யார் பேரும் வேணாம். வெறும் நம்பர்தானே. எழுதுங்க."

"வெறும் நம்பர்னு ஒண்ணு இந்த ஊர்ல கீதா?" என்றார். ஆனாலும் எழுதினார். என் புரூப் தாளின் ஓரத்தைக் கிழித்துத்தான் எழுதிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லி மதியமே அச்சகத்தை விட்டுக் கிளம்பினேன். வண்டி வருவதைப் பார்த்துக் குறிப்பெடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டேன். பையில் குறிப்பேடு இருந்தது. அதை எடுக்கவில்லை. பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். நாலணாவுக்கு ஓர் ஆள் இவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

ஒன்றரை மணி வாக்கில் அது வந்தது. முதலில் பாதத்தில் தெரியும், பிறகுதான் காதுக்கு வரும். டீக்கடைப் பலகையில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. ஓட்டுக் கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று, எழுந்தபின் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

"பாலகாட் மைன் பக்கம்" என்றார் ஒருவர்.

"இன்னா பந்தயம்? நம்ம பக்கம்தான்."

"ஒரு டீ."

"ஒரு டீ."

இதுவும் வழக்கம்தான். எந்த ஷாஃப்ட், அதாவது எந்தச் சுரங்க வாய் என்று தெரியும் வரை பந்தயம் கட்டுவார்கள். அதில் ஈவிரக்கம் இல்லாமல் இல்லை. சும்மா நிற்க முடியாது, அவ்வளவுதான். டீக்கடைக்காரர் வெளியே வந்து, தூரத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் ஷாஃப்ட் சக்கரங்களைப் பார்த்தார். எங்கள் பக்கத்துச் சக்கரம் நின்றிருந்தது. ஒரு டீ ஊற்றினார். தோற்றவர் காசு கொடுத்தார். ஜெயித்தவர் குடிக்கவில்லை.

மாமாவுக்கு அந்த வாரம் முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு முடியும். மேலே கொண்டுவரும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம். நான் ஷாஃப்ட்டை நோக்கி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இரண்டேகால் வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பார்த்துவிட்டு ஓடலாம் என்று நின்றேன். இதை எப்படி எழுதினாலும் நன்றாக வராது, அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அதற்குள் பெண்கள் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து வர ஆரம்பித்திருந்தார்கள். ஷாஃப்ட் கேட்டுக்குப் போகும் பாதை ஸ்டேஷன் வேலியை ஒட்டித்தான் போகிறது. யாரும் ஓடவில்லை, பேசவில்லை, வேகமாக நடந்தார்கள். அடிபட்டவர்கள் லிஸ்ட் வருவதற்கு முன் அழக்கூடாது என்பது எங்கள் லைனில் எழுதாத சட்டம். முன்னால் அழுதால் உள்ளதாகிவிடும். அக்கா ஐந்தாறு பேருக்கு நடுவில் வந்தாள். வலது கை முழுக்கக் கேழ்வரகு மாவு. என்னை அவள் பார்க்கவில்லை.

பாசஞ்சர் வளைவு திரும்பியது. வழக்கமாக வருகிறவன் கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தான். வேலியோரம் நடக்கிறவர்கள் ஏன் நடக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான்.

"முந்நூத்தி அம்பத்தெட்டு விழுந்துச்சு! முந்நூத்தி அம்பத்தெட்டு விழுந்துச்சேய்!"

அக்கா நின்றாள். பிறகு சரளைக் கல்லில் அப்படியே உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தூக்கி, வளையல்களை ஒன்றோடொன்று மோதப் போனாள்.

"கையப் புடிங்கடி! கையப் புடிங்க!" என்று ஒரு கிழவி கத்தினாள். "லிஸ்ட் வர்ல! லிஸ்ட் வராம ஒடைக்காதடி பாவி!" இரண்டு பேர் அவள் மணிக்கட்டுகளைப் பிடித்து அழுத்திக்கொண்டார்கள்.

நான் வேலியைத் தாண்டிக் குதித்தேன். "அக்கா, அது காட்டன். காட்டன் நம்பர்க்கா. வண்டி பங்காரப்பேட்டைலேர்ந்து வருது. ஷாஃப்ட்லேர்ந்து வரல."

அவள் முகத்தில் அது மெதுவாக ஏறியது. பங்காரப்பேட்டை, வண்டி, காட்டன். பிறகு, "அவரு நம்பர் எப்பிடிடா காட்டன்ல வந்துச்சு?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து டீக்கடைக்காரர் வேலிமேல் சாய்ந்துகொண்டு கூப்பிட்டார். அவருக்கு மனசில் ஒன்றுமில்லை, சந்தோஷம்தான். "பத்திரிகைக்காரரே! உங்களுதாமே! மொத தரமே அடிச்சிட்டீங்களே!"

அக்கா என்னைப் பார்த்தாள். "நீயா?"

"சும்மாக்கா. வேற நம்பர் எதுவும் தோணல."

"எம் புருசன வச்சா ஆடின?"

அந்தக் கிழவி அவளைத் தூக்கி நிறுத்தினாள். அவர்கள் நடந்தார்கள். நான் பத்தடி பின்னால் நடந்தேன். கூடவும் போக முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கேட்டில் மாலை வரை நின்றோம். இரும்புக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் ஓடினார்கள், யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. சக்கரம் சுற்ற ஆரம்பித்தது, நின்றது, மறுபடி சுற்றியது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது. நகர இடமில்லாதபோதும் நகர்ந்தது. எனக்குத் தெரிந்த கணிதமெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பம்பாய்ப் பானைக்கும் தொண்ணூறாவது லெவலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் ஆடாவிட்டாலும் அந்த எண் வந்திருக்கும். ஒவ்வொன்றும் உண்மைதான். ஒன்றும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை.

குமாஸ்தா ஒரு தாளோடு கேட்டுக்கு வந்தார். தாளில் டோக்கன் நம்பர்கள் மட்டும்தான் இருக்கும். பெயர் இருக்காது. அவர் படிக்க, பெண்கள் நம்பரைக் கேட்டுத் தங்கள் ஆளா என்று தெரிந்துகொள்வார்கள். அன்று மூன்று நம்பர்கள். இரண்டு காயம், ஒன்று இன்னும் எடுக்கவில்லை. எங்கள் நம்பர் இல்லை. அக்கா கம்பியை விடவில்லை. நம்பர் இல்லை என்றால் ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம் இல்லை.

விளக்குப் போட்ட பிறகுதான் மாமா வந்தார். தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறம். இடது காதிலிருந்து ரத்தம் வழிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. அக்கா சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அவள் கையிலிருந்த காய்ந்த மாவைப் பார்த்து, "களி கிண்டலியா?" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே யாரோ அவருடைய வலது காதில் கத்திச் சொல்லிவிட்டார்கள், உன் நம்பர் காட்டன்ல விழுந்துச்சு, உன் மச்சான்தான் ஆடினான் என்று. மாமா பாதையில் நின்றுவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அதான் விசயம்! நான் நிக்கிற எடத்துலேர்ந்து ரெண்டு கட்டை தள்ளி மொத்தமும் வந்துச்சு மச்சான். எம்மேல ஒரு கல்லு படல. ஏன்னு யோசிச்சிக்கினே வந்தேன். எனக்கு விழவேண்டியது காட்டன்ல விழுந்துடுச்சு."

வீட்டில் குளித்துவிட்டு வந்தபோது அவர் முடிவுக்கே வந்திருந்தார். காது போனதால் சத்தமாகப் பேசினார். விழுந்த நம்பர் மறுபடி சீக்கிரம் விழாது, எந்த ஆட்டக்காரனைக் கேட்டாலும் சொல்வான். இனி கீழேதான் அவருக்குப் பத்திரம். சனிக்கிழமை மேஸ்திரியிடம் மில் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறார். ஆழத்தில் போனஸ் அதிகமுள்ள கேங்கில் ஓர் இடம் இருக்கிறது, அதைக் கேட்கப் போகிறார்.

"மாமா, அதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல" என்றேன்.

"நீ பத்திரிகைல எழுதறவன். நாலணா வச்ச. விழுந்துச்சு. உனக்கே நம்பிக்கை இல்லாமயா வச்ச?"

பதினோரு வருஷம் எதையும் தட்டிப் பார்க்காமல் கால் வைக்காத மனுஷர். ஒரு மதியத்தில் அவரை ஆட்டக்காரர் ஆக்கிவிட்டேன். என் கட்டுரை அப்போதுதான் உண்மையாக மாற ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அக்கா என்னைத் தண்ணீர்க் குழாயடிக்குத் தனியாகக் கூப்பிட்டாள். முந்தின நாளுக்குப் பிறகு அவள் என்னோடு பேசியது அதுதான் முதல்.

"நீதான பண்ண. நீயே மாத்து."

"எப்படிக்கா? ஊருக்கே தெரியும் அந்த நம்பர் விழுந்துச்சுன்னு."

"நம்பர மாத்த வேணாம். பேர மாத்து. யாரு பேருல ஆடினியோ அவங்களுக்குத்தான விழும்? உங்க மாமா பேருல ஆடலன்னு சொல்லு."

நான் யார் பேரிலும் ஆடவில்லை என்பதுதான் உண்மை. அது போதாது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. யார் பேரும் இல்லாத நம்பர் அதைச் சுமக்கிறவனுக்குத்தான் போகும். அதனால் ஓர் ஆள் வேண்டியிருந்தது. டோக்கன்கள் கைமாறும். ஒருவர் போனால், கொஞ்ச நாள் விட்டு இன்னொருவருக்கு அதே நம்பரைக் கொடுப்பார்கள். அச்சகத்துக்குச் சுரங்கத்தின் பழைய பேரேடுகள் பைண்டிங்குக்கு வருவதும் உண்டு. இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில் ஒரு பொய்யை வைத்தேன்.

மாமா ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு. வலது பக்கம் போய் நின்று சொல்ல ஆரம்பித்தேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். கடைசியில் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்த வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்யை அடித்தொண்டையில் கத்தித்தான் சொன்னேன்.

"ஒங்களுக்கு முன்னாடி முந்நூத்தி அம்பத்தெட்டு வேற ஒருத்தர்கிட்ட இருந்துச்சு மாமா! ஏர்பிளாஸ்ட்ல போனவரு! பேரேட்டுல பாத்தேன்! அவரு பேருலதான் எழுதச் சொன்னேன்!"

சவரக் கத்தி நின்றது. "பேரு இன்னா?"

ஒரு பெயர் சொன்னேன்.

"எந்த ஊரு?"

"ஆம்பூர் பக்கம்!"

"கொழந்தைங்க?"

"ரெண்டு!"

செய்தி எழுதுகிறவன் பழக்கம் அது. ஊரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் இருந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை. மாமா கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, தனக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி, ஆனால் காது கேளாதவரின் சத்தத்தில் சொன்னார்.

"அப்போ என்னுது இன்னும் விழல."

அடுப்பருகே அக்கா ஊதுகுழலை எடுத்தாள்.

சீட்டுக்காரரிடமும் போய்ச் சொன்னேன், யாராவது கேட்டால் செத்தவர் பேரில் எழுதியதாகச் சொல்லுங்கள் என்று. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். ஜெயித்த காசைக் கடலைப் பொட்டலத்தில் வைத்துக் கொடுத்தார். அக்கா அதைத் தொடவில்லை. நான் செருப்பு வாங்கினேன்.

சனிக்கிழமை காலை மாமா மேஸ்திரியிடம் போய் மில் வேலைக்குக் கைரேகை வைத்துவிட்டு வந்தார். அக்கா கதவிலிருந்த கரிக்கோடுகளை ஈரத்துணியால் துடைத்தாள். நான் எதிர்பார்த்த அளவுக்கு அந்த வீட்டில் அமைதி வரவில்லை.

மில்லில் எப்போதும் ஒரே சத்தம். கல் இடிபடும், அரைபடும், மாவாகும். எட்டு மணி நேரத்தில் ஒன்றும் நடக்காது. மாமாவுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் உட்காரமாட்டார். ஷாஃப்ட் கேட்டு வரை நடந்துபோவார், திரும்புவார், சட்டையைக் கழற்றுவார், மறுபடி போட்டுக்கொண்டு கிளம்புவார். கீழே இருந்தபோது கட்டையாகத் தூங்கியவர், மேலே வந்தபின் பாயில் புரண்டுகொண்டே இருந்தார்.

ஒரு மாசம் இருக்கும். புரூப் தாள்களோடு ஸ்டேஷனுக்குப் போனேன். சீட்டுக்காரர் முன்னால் மாமா குந்தியிருந்தார்.

"முந்நூத்தி அம்பத்தெட்டு" என்றார்.

"யாரு பேருல?"

"எம் பேருலதான். வேற யாரு பேருல?"

சீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். உயிரோடு இருக்கிறவன் நம்பரை ஆட மாட்டார்கள் என்று அவர் சொன்னபோது, அந்த ஆளே வந்து கேட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்லியிருக்கவில்லை.

வழியில் மாமாவிடம் கேட்டேன், வலது காதில். ஏன் இது?

"தெனம் எங்க விழுமோ எங்க விழுமோன்னு நடக்கறதுக்கு, காட்டன்ல விழுந்து தொலையட்டும். ஒருக்கா விழுந்துட்டா நான் கீழ போயிடுவேன்."

அக்காவிடம் சொன்னேன். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "ஆடட்டும்" என்றாள். "மேலதான கீறாரு."

அவள் சொன்னது சரி. அதனால்தான் நான் அவரிடம் உண்மையைச் சொல்லவே இல்லை. அவருக்கு விழவேண்டியது அந்த வியாழக்கிழமையே விழுந்துவிட்டது, வேறு யாரும் அந்த டோக்கனைச் சுமக்கவில்லை, ஆம்பூரில் அப்படி ஒருவர் இல்லை. சொல்லியிருந்தால் மறுநாளே கேஜ் ஏறியிருப்பார்.

முதல் ஷிப்ட் வாரங்களில் இரண்டு மணிக்கு மில் விட்டதும் நேராக ஸ்டேஷனுக்கு வருவார். நானும் அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை மிதித்து வந்துவிடுவேன். வண்டியிலிருந்து கத்துகிறவன் சொல்வது அவர் காதில் விழாது. எஞ்சின் சத்தத்தில் வலது காதும் உதவாது. "இன்னா சொன்னான்?" என்று என் பக்கம் திரும்புவார். நான்தான் நம்பரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இருநூற்று நாற்பத்தாறு என்பேன், நானூற்று எழுபத்தொன்பது என்பேன். தலையாட்டிவிட்டு நடப்பார்.

ஒருநாள் அந்த நம்பர் வந்துவிடலாம். அப்போது சொல்வதற்கு வேறொரு நம்பரைத் தயாராக வைத்திருந்தேன். மாலைக்குள் யார் மூலமாவது அவருக்குத் தெரிந்துவிடும்தான். ஆனால் அன்றைய மாலை வரைக்குமாவது தாங்கும். வண்டி வளைவு திரும்பும்போது அது மறந்துவிடக் கூடாதே என்று, பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தபடி, உதட்டை அசைக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன்.